மிரரில் யாரும் இல்லை, கதவுக்குக் கீழே ஒருவர்

கேள்வி: ஐயா, நான் பல வருடம் காரும் வேனும் ஓட்டியவன். ஹெவி லைசென்ஸ் எடுத்து, சில மாதங்களாகக் கட்டுமான சாமான் ஏற்றும் பெரிய லாரி ஓட்டுகிறேன். பானெட் இல்லாத, முகப்பு தட்டையான வண்டி. போன வாரம் சிக்னலில் நின்றிருந்தேன். கிளீனர் பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டிருந்தேன். எல்லா மிரரையும் பார்த்தேன், யாரும் இல்லை. பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கதவைப் படபடவென்று யாரோ தட்டும் சத்தம். பிரேக் அடித்து இறங்கிப் பார்த்தால், முன் சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பெண் சைக்கிளோடு ஒடுங்கி நிற்கிறார். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். “உங்கள் பக்கத்திலேயேதான் அண்ணா நின்றேன், நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றார். அன்றிலிருந்து திருப்பங்களில் கை நடுங்குகிறது. பார்த்தும் எப்படித் தெரியாமல் போனது? என் கண்ணில் குறையா, கவனத்தில் குறையா? கேமரா மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் முதலாளி. சரியாகுமா? வீட்டில் வேறு வேலை பார்க்கச் சொல்கிறார்கள். இந்த வேலையை விட்டுவிடவா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இறங்கிப் போய், அவர் எங்கே நின்றார் என்று கேட்டீர்களே, அது நல்ல ஓட்டுநரின் குணம். ‘திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் சொல்லிவிட்டால் அதோடு யோசனை நின்றுபோகும். அதே திருப்பத்தில் அதே விஷயம் மறுபடி நடக்கும். உங்களுக்கு அந்தப் பெண்ணே விடையைச் சொல்லிவிட்டார்: பக்கத்திலேயேதான் நின்றார். பக்கத்தில் நின்றதால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

கண் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள், யாருக்கும் அது நல்லதுதான். ஆனால் நடந்ததற்குக் கண் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு கூர்மையான கண் உள்ளவரை உங்கள் இருக்கையில் உட்காரவைத்தாலும் ஜன்னல் வழியாக அந்த இடம் தெரியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், விஷயம் மாறாது.

காரில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். லாரியில் அது 2.5 மீட்டருக்குப் போய்விடுகிறது. கிளீனர் பக்கத்துக் கதவு உங்கள் கண்ணிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதன் ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த விளிம்பை உரசிக்கொண்டு இறங்கும் பார்வைக்கோடு, 3 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர்தான் இறங்கும். சைக்கிளில் உட்கார்ந்தவரின் தலை உச்சி தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர். அந்த உச்சி உங்கள் கண்ணுக்குப் பட வேண்டுமானால், அவர் உங்களிடமிருந்து 2.7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கதவிலிருந்து அளந்தால் 90 சென்டிமீட்டர். அதைவிட நெருங்கி நின்றால் ஆள் முழுவதும் மறைந்துவிடுவார், தலைமுடிகூடத் தெரியாது. சிக்னலில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள்காரருக்குக் கிடைக்கிற இடம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அந்த 90 சென்டிமீட்டருக்குள்தான் அவர் நிற்க முடியும்.

முன்பக்கமும் இதே கதைதான். முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு உங்களுக்கு 1 மீட்டர் முன்னால், 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், தரை உங்கள் கண்ணில் படுவது 5 மீட்டர் தள்ளித்தான். 1 மீட்டர் உயரமுள்ள குழந்தை உங்கள் கண்ணிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால்தான் தலை உச்சியாவது தெரியும். பம்பர் உங்கள் கண்ணைவிட 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், பம்பரிலிருந்து 1.8 மீட்டர் வரைக்கும் அந்தக் குழந்தை நிற்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. உயரத்தில் உட்கார்ந்தால் ஊரே தெரிகிற மாதிரி இருக்கும். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, உண்மை. அந்தத் தெம்பில், காலடியில் இருப்பவர்கள் மறைந்துபோவது நம் மனதில் உறைப்பதே இல்லை.

அப்படியானால் எல்லா மிரரையும் பார்த்தேனே என்று கேட்பீர்கள். இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, கதவுக்குக் கீழே இருப்பதைக் காட்டும் மிரர் உங்கள் வண்டியில் இருக்கிறதா? ஐ.நா.வின் 46ஆம் எண் விதிமுறை வாகன மிரர்களை வகை வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகை, பின்னால் நீளமாகப் பார்க்கும் பெரிய மிரர். நான்காம் வகை, அதோடு சேர்ந்திருக்கும் அகலப் பார்வை மிரர். ஐந்தாம் வகை, கிளீனர் கதவுக்கு மேலே தரையைப் பார்த்துக் குனிந்திருப்பது. ஆறாம் வகை, முகப்பின் மேல் மூலையிலிருந்து பம்பருக்கு முன்னால் இருப்பதைக் காட்டுவது. உங்களைப் போன்றவர் ‘எல்லா மிரரும்’ என்று சொன்னால் பெரும்பாலும் முதலில் சொன்ன இரண்டைத்தான் சொல்வார். கடைசி இரண்டும் பல பழைய வண்டிகளில் இருப்பதில்லை. இருந்தாலும் மரக்கிளை தட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணைக் காட்டியிருக்கக்கூடியது அந்த ஐந்தாம் வகை ஒன்றுதான்.

இரண்டாவது, நேரம். இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு மிரரைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று மூளை புரிந்துகொள்ளக் கிட்டத்தட்ட ஒரு வினாடி வேண்டும். ஓட்டுநர் பக்கம், முன்னால், கிளீனர் பக்கம் என்று ஒரு சுற்று வந்தால் நான்கு வினாடி ஆகிவிடும். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த நான்கு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் வந்துவிடும். உங்கள் லாரியின் நீளம் அதைவிடக் குறைவு. ஆக, நீங்கள் கிளீனர் பக்க மிரரை முதலில் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள், வண்டியின் வாலுக்கும் பின்னால் இருந்த சைக்கிள் உங்கள் கதவுக்குக் கீழே வந்து நின்றிருக்கும். நீங்கள் பார்த்தபோது அங்கே உண்மையிலேயே யாரும் இல்லை. நீங்கள் கிளம்பியபோது இருந்தார்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்களோ அந்தப் பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். பார்த்த கையோடு கிளம்புங்கள். பச்சை விழுந்தது, பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார், அதில் கவனம் போய்விட்டது என்றால் பார்த்தது பழசாகிவிட்டது. மறுபடி பாருங்கள். இரண்டு வினாடி தாமதமாகும், ஆகட்டும்.

கிளம்பும்போது முதல் சில மீட்டரை நடை வேகத்தில் நகருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 1.4 மீட்டர். தட்டும் சத்தமோ கத்தும் சத்தமோ கேட்டு நீங்கள் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்தாலும் அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருப்பீர்கள். அதே மணிக்கு 15 கிலோமீட்டரில் 4 மீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். நீங்கள் அன்றைக்கு வேகமாக ஒடித்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஜன்னலை இரண்டு விரல் அளவுக்காவது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டாததைக் காது சில சமயம் பிடித்துக்கொடுக்கும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். புதிதாக வருகிற ஒவ்வொரு ஓட்டுநரையும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். லீவு நாளில் வண்டியைச் சமதளமான காலி இடத்தில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இருக்கையை நீங்கள் ஓட்டும்போது எப்படி வைப்பீர்களோ அப்படியே வையுங்கள். ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். வீட்டில் இருப்பவர் யாராவது வந்தால் இன்னும் நல்லது, உங்கள் வேலை என்னவென்று அவர்களுக்கும் புரியும். அவர் கையில் ஒரு கம்பு, அதில் 1 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புத் துணி, 1.6 மீட்டர் உயரத்தில் இன்னொன்று. அவர் பம்பரை ஒட்டி நின்று மெல்லப் பின்னால் நகர வேண்டும். ஒவ்வொரு துணியும் உங்களுக்குத் தெரிந்த நொடியில் சத்தம் கொடுங்கள், அவர் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடட்டும். இப்படியே வண்டியைச் சுற்றி, ஒவ்வொரு மூலையிலும், ஒவ்வொரு கதவிலும், பின்புறமும். மிரர் வழியாகத் தெரிகிற இடத்தை வேறு நிறத்தில் குறியுங்கள்.

முடித்துவிட்டு இறங்கி, அந்தக் கோடுகளைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்த நிறமும் விழாத இடம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் பக்கத்து முன் மூலையில் ஒரு பெரிய திட்டு கிடக்கும். ஒரு குடும்பமே நிற்கலாம் அதில். படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு வண்டி ஓட்டக் கொடுத்தால் மறுபடி இதைச் செய்ய வேண்டும், ஒரு வண்டியின் கோடு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அதே நாளில் இருக்கை உயரத்தை மாற்றியும் சோதியுங்கள். கால் பெடலுக்கு வசதியாக எட்டுகிற வரைக்கும் இருக்கையை உயர்த்தினால் முன்னால் உள்ள கோடு உங்களை நோக்கி நகரும். சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். சாய்ந்து படுத்த மாதிரி ஓட்டுவது சொகுசாக இருக்கலாம், ஆனால் கண் பின்னாலும் கீழேயும் போய், மறைகிற இடம் அகலமாகிறது. டாஷ்போர்டில் பில் புத்தகம், துண்டு, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். கிளீனர் பக்க ஜன்னலின் கீழ்ப் பாதியில் திரையோ ஸ்டிக்கரோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இருக்கிற கொஞ்சப் பார்வையை நாமே அடைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத விஷயம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் தூண், அதாவது பில்லர். லாரியில் அதை ஒட்டியே பெரிய மிரர்களும் தொங்கும். இரண்டும் சேர்ந்து 25 சென்டிமீட்டர் அகலம், உங்கள் கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரம் என்றால், 20 மீட்டர் தள்ளி அது நான்கு மீட்டருக்கும் அதிகமான இடத்தை இரண்டு கண்களுக்குமே மறைத்துவிடும். ஒரு கார் முழுசாக அதற்குள் அடங்கிவிடும். இதைவிட மோசமான விஷயம், நீங்களும் இன்னொருவரும் சீரான வேகத்தில் ஒரே சந்திப்பை நோக்கி மோதுகிற கணக்கில் வந்துகொண்டிருந்தால், அவர் உங்கள் கண்ணுக்கு ஒரே கோணத்திலேயே இருப்பார். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிப்படைப் பாடம்: எதிரே வரும் கப்பல் இருக்கும் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். சாலையில், ஒருவர் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டால் கடைசி நொடி வரைக்கும் அங்கேயே மறைந்தபடி வருவார். இதற்கு மருந்து மிகவும் எளிது. சந்திப்பை நெருங்கும்போது உடம்பை ஸ்டீயரிங் பக்கம் ஒருமுறை சாய்த்து, அப்புறம் பின்னால் சாய்ந்து பாருங்கள். தலை நகர்ந்தால் தூணும் நகரும். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, இடுப்பிலிருந்து அசைய வேண்டும். கார்களிலும் இது உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி திரும்பும்போது பாதசாரி அடிபட்டு இறக்கும் வாய்ப்பு கார்களைவிடப் பெரிய எஸ்யூவி, வேன், பிக்கப் வண்டிகளுக்குக் கணிசமாக அதிகம் என்று தெரிந்தது. தூண் பார்வையை மறைப்பது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். பெரிய கார் வாங்கியிருக்கிற மற்ற வாசகர்களும் அந்த சாக்பீஸ் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

சரி, திருப்பத்துக்கு வருவோம். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்று லைசென்ஸ் எடுக்கும்போது சொல்லியிருப்பார்கள். எவ்வளவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே 6 மீட்டர் இருக்கிற வண்டி, முன் அச்சு 12 மீட்டர் ஆரத்தில் போகும்படி திரும்பினால், பின் அச்சு 1.6 மீட்டர் உள்ளே வெட்டும். முன் சக்கரம் தாண்டிப் போய்விட்டது, நமக்கு ஆபத்து இல்லை என்று நடைபாதையை ஒட்டி நிற்கிறவர் நினைப்பார். பின் சக்கரம் அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, அந்த வெட்டுக்கு இடம் வேண்டும் என்று நாம் முதலில் வண்டியை எதிர்ப்பக்கம் கொஞ்சம் வாங்கித் திருப்புவோம். பின்னால் வரும் சைக்கிள்காரருக்கு அது ‘நீ முன்னால் போ’ என்று வழிவிட்ட மாதிரித் தெரியும். அவர் உள்ளே நுழைவது அப்போதுதான்.

எனவே திருப்பம் முடியும் வரை, கிளீனர் பக்க மிரரை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிளம்பும்போது ஒருமுறை, பாதித் திருப்பத்தில் ஒருமுறை, பின் சக்கரம் நடைபாதை மூலையைக் கடக்கும்போது ஒருமுறை. நடுவில் முன்னாலும் பார்க்க வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் திரும்ப முடியும். அது நல்லதுதான். சிக்னலுக்குள் வரும்போதே, முடிந்தவரை, நடைபாதைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சைக்கிள் நுழைய முடியாத அளவுக்கு நெருங்கி நிறுத்துங்கள். இல்லையென்றால் நன்றாகத் தள்ளி, ஜன்னல் வழியாகவே ஆள் தெரிகிற தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு சைக்கிள் மட்டும் நுழைகிற மாதிரி இடைவெளி விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். இண்டிகேட்டரை நின்ற பிறகு போடாதீர்கள், சந்திப்பு வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். உங்கள் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டவருக்கு வண்டியின் பின்னால் எரிகிற விளக்கு தெரியாது.

இப்போது கேமரா. உங்கள் முதலாளி கேமரா வாங்கித் தர முன்வருகிறார் என்றால் மனம் உள்ளவர்தான், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அதனால் எல்லாம் சரியாகிவிடாது. கேமரா படம் காட்டும். அந்தப் படத்தை நீங்கள் பார்த்தால்தான் பயன். ஆறு மிரரோடு ஏழாவதாக ஒரு திரை சேர்ந்தால், பார்க்க வேண்டிய இடம் ஒன்று கூடுகிறது, உங்களுக்கு இருக்கிற நேரம் கூடவில்லை. லென்ஸில் சேறு தெறிக்கும், மழைத்துளி நிற்கும், வெயில் நேராக அடித்தால் திரை வெளுத்துப்போகும். அகலமாகக் காட்டுகிற லென்ஸ் பக்கத்தில் இருப்பவரைச் சின்னதாகவும் தூரமாகவும் காட்டும். வளைந்த மிரருக்கும் இதே குணம் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், கேமராவுக்கு முன்னால் அந்த ஐந்தாம், ஆறாம் வகை மிரர்களை மாட்டச் சொல்வேன். செலவு குறைவு, பழுதாகிற எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. மாட்டிய பிறகு சாக்பீஸ் கோட்டை வைத்துத் திருப்பிச் சரிசெய்யுங்கள், கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வேண்டாம். அதற்கு அடுத்து, பக்கத்தில் ஆள் இருந்தால் சத்தம் கொடுக்கிற சென்சார். திரையைப் போல நீங்கள் திரும்பிப் பார்க்கக் காத்திருக்காது, அதுவாகவே கூப்பிடும். இதற்கும் ஐ.நா. விதிமுறைகள் வந்துவிட்டன: திரும்பும்போது பக்கத்தில் சைக்கிள் இருப்பதை அறிவிக்கும் கருவிக்கு 151ஆம் எண், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்னால் ஆள் இருப்பதை அறிவிக்கும் கருவிக்கு 159ஆம் எண். வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கம்பத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும்கூட ஓயாமல் கத்துகிற மலிவான சென்சாரை வாங்கினால், ஒரே வாரத்தில் நீங்களே ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும்விட நேராகக் கண்ணால் பார்ப்பதுதான் மேல். லண்டன் போக்குவரத்து நிர்வாகத்துக்காக லீட்ஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், மிரரிலோ திரையிலோ பார்த்துச் செயல்படும் ஓட்டுநர், ஜன்னல் வழியாக நேராகப் பார்க்கிறவரைவிடச் சராசரியாக 0.7 வினாடி தாமதமாகச் செயல்படுகிறார் என்று தெரிந்தது. மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தாமதத்துக்குள் வண்டி 4.7 மீட்டர் போய்விடும். இன்னொன்று, நேராகத் தெரிந்தால் அவரும் உங்களைப் பார்ப்பார். கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டால் இருவரும் நின்றுவிடுவார்கள். அந்தப் பெண் ‘நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்’ என்று சொன்னாரே, உங்கள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. வண்டிக்குக் கண் இருப்பதாக நம்பிவிட்டார்.

அதனால்தான் லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கேபினிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து 0 முதல் 5 நட்சத்திரம் வரை மதிப்பிட்டு அனுமதி தருகிறார்கள். 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தபோது ஒரு நட்சத்திரம் போதும் என்றிருந்தது, 2024 அக்டோபரில் அதை மூன்றாக உயர்த்தினார்கள். அந்த அளவு தேறாத வண்டிக்குக் கூடுதல் சென்சார், கேமரா எல்லாம் மாட்டியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நேரடிப் பார்வைக்கான விதியை 2026 ஜனவரி முதல் புதிய மாடல்களுக்கும், 2029 ஜனவரி முதல் புதிதாக விற்கிற எல்லா லாரிகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. கேபினைத் தாழ்வாக வைத்து, ஜன்னலைக் கீழே இறக்கி, கிளீனர் கதவின் கீழ்ப்பாதியிலும் கண்ணாடி வைத்த லாரிகள் வந்துவிட்டன. குப்பை அள்ளும் வண்டிகளில் இப்படிப்பட்ட தாழ்ந்த கேபின் ரொம்ப நாளாகவே உண்டு. உங்கள் வண்டியின் கேபினை மாற்ற முடியாது, ஆனால் அடுத்த வண்டி வாங்கும்போது முதலாளியிடம் இதைச் சொல்லலாம். சில மாடல்களுக்குக் கதவை மட்டும் கீழ்க்கண்ணாடி உள்ளதாக மாற்றித் தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

ரிவர்ஸ் எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. பின்னால் ஆள் நின்று வழி சொன்னால், ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும், அவர் எப்போதும் உங்கள் மிரரில் தெரிய வேண்டும். மிரரிலிருந்து அவர் மறைந்த நொடியில் நிறுத்துங்கள், அவர் குரல் கேட்டாலும் சரி. சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். நின்ற வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து, அடியிலும் குனிந்து பாருங்கள். நடந்து முடித்து ஏறியபின் போன் வந்து பேசிக்கொண்டிருந்தால், அந்தச் சுற்று செல்லாது. மறுபடி இறங்கிச் சுற்றுங்கள்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். நீங்கள் விட்டுவிட்டால், நாளைக்கு அதே இருக்கையில் இதெல்லாம் தெரியாத ஒருவர் உட்காருவார். உங்கள் கை நடுங்குவதை நான் குறையாக எண்ணவில்லை. மறைகிற இடம் எது என்று தெரியாததால் எல்லா இடமும் உங்களுக்குப் பயமாக இருக்கிறது. கோடு போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பயம் பெரும்பாலும் அந்த ஒரு மூலைக்குள் ஒடுங்கிவிடும், அந்த மூலைக்குப் பயப்படத்தான் வேண்டும். ஒரு வாரத்துக்கு அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரைக் கிளீனர் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டுங்கள். திருப்பங்களில் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்துச் சொல்லட்டும். அதன் பிறகும் தூக்கம் கெட்டு, சந்திப்பைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். விபத்து நூலிழையில் தப்பினாலும் மனதில் அடி விழத்தான் செய்யும், அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டில் இருப்பவர்களிடம் அதுவரை மறைக்காமல் பேசுங்கள்.

முதலாளியிடம் மிரரும் சென்சாரும் கேட்கும்போது வாயால் விளக்க வேண்டாம், வீண் வாக்குவாதமாகிவிடும். சாக்பீஸ் கோடு அழிவதற்குள் அவரை வரச்சொல்லுங்கள். உங்கள் இருக்கையில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே இறங்கி, ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு அடிக்கும் சொல்ல வேண்டும். கிளீனர் கதவுப் பக்கம் வந்ததும் நின்றுவிடுங்கள். அவர் உங்களைத் தேட ஆரம்பித்ததும், எந்த மிரர் எங்கே வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லுங்கள்.